திரையில் வராத வீடு

எங்கள் அலுவலகத்தில் மழை பெய்தால் முதலில் கணினியை அணைக்க வேண்டும், பிறகுதான் ஜன்னலைச் சாத்த வேண்டும். கூரை என் மேசைக்கு நேர் மேலேதான் ஒழுகியது. ஊருக்கெல்லாம் வீடு கட்டிக் கொடுக்கிற அலுவலகத்துக்குத் தன் கூரையில் ஒரு தகரத்தை மாற்ற மனம் வரவில்லை. இதைப் பணிப்பாளரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் காலத்தில் எனக்குப் பொதுவாகவே சிரிப்பு குறைவு.

புத்தளம் நகரத்தில் ஓர் இரும்புக் கடைக்கு மேலே இரண்டு அறைகள், அவ்வளவுதான் அலுவலகம். யுத்தம் முடிந்த பிறகு, மன்னாருக்குத் திரும்பிப் போக விரும்புகிறவர்களுக்கு அவர்களுடைய பழைய வளவிலேயே வீடு கட்டிக் கொடுக்க ஒரு தொண்டு நிறுவனம் முன்வந்திருந்தது. குடும்பங்களின் விபரம், காணி உறுதிப் பத்திரங்களின் விபரம் எல்லாம் ஓர் இணையத்தளத்தில் பதியப்பட்டிருந்தன. அந்தத் தளத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அதை எழுதியவர் கொழும்புக்காரர். எழுதி முடித்த கையோடு வெளிநாட்டுக்குப் பறந்துவிட்டார். பழுது பார்ப்பதற்கு நான் மிஞ்சினேன்.

தளத்தில் ‘தகுதியானோர்’ என்று ஒரு பக்கம் இருந்தது. அதில் ஒரு வீடு வந்தால் அந்த வளவுக்குக் கல்லும் சீமெந்தும் போகும். வராவிட்டால் ஒன்றும் போகாது. சனங்கள் அந்தப் பக்கத்தைப் பற்றிப் பரீட்சை முடிவைப் போலக் கதைத்தார்கள். படி ஏறி வருகிறவர்கள் ஸலாம் சொல்லி முடிப்பதற்குள் கேட்டுவிடுவார்கள், “எங்கட வந்திச்சா?” என்று.

சாச்சியின் வீடு வரவில்லை.

சாச்சி என் உம்மாவின் தங்கச்சி. நாங்கள் எல்லோரும் யுத்த காலத்தில், முஸ்லிம்கள் என்பதற்காக, மன்னாரிலிருந்து ஒரே நாளில் வெளியேற்றப்பட்டு, ஒரே வள்ளத்தில் கடலால் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கியவர்கள். பிறகு புத்தளத்துக்குப் பக்கத்தில் தில்லையடியில் கிடுகுக் கொட்டில்களில் இருந்தோம். கொட்டில்கள் மெல்ல மெல்லக் கல்வீடாகின, சாச்சியுடையது ஆகவில்லை. சாச்சியின் புருஷன், சாச்சாவுக்கு மூச்சு வியாதி. வேலைக்குப் போக முடியாமலே கிடந்து மௌத்தானார். சாச்சி கற்பிட்டிப் பக்கத்து வெங்காயத் தோட்டங்களில் கூலிக்கு நின்று பிள்ளைகளை வளர்த்தார். ஒரு மகளை எப்படியோ கட்டிக் கொடுத்துவிட்டார். கடைசி மகள் தையல் மெஷினோடு வீட்டில் இருந்தாள். எங்கள் ஆட்களில் பெண்ணுக்கு வீடு இல்லாவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் பிளேன்டீயைக் குடித்துவிட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்று எழும்பிவிடுவார்கள். அப்படி எழும்பிப் போனவர்கள் பலர். மன்னார் வளவில் ஒரு வீடு வந்தால் அது கடைசி மகளுக்கு. சாச்சிக்கு அந்தப் பக்கத்தில் வேண்டியிருந்தது அது மட்டும்தான்.

ஒவ்வொரு கிழமையும் குடையை ஊன்றிக்கொண்டு இரும்புப் படி ஏறி வருவார்.

“என்ட வீடு வந்திச்சா மகள்?”

“இன்னும் இல்ல சாச்சி.”

“நல்லாத் தட்டிப் பாரன். அடுத்த தெருவு ஆக்கள்ர எல்லாம் வந்திருக்கு.”

அது உண்மை. அவர்களுடையதெல்லாம் வந்தது, என் சொந்தச் சாச்சியுடையது வரவில்லை. ஊரில் கதை வேறு கிளம்பியிருந்தது. சொந்தக்காரிக்குச் செய்தால் பேர் கெட்டுவிடும் என்று நான் வேண்டுமென்றே அமுக்கி வைத்திருக்கிறேனாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பழுது எங்கே என்று எனக்கு ஒருவிதத்தில் தெரியும். தளத்தின் பின்னால் இரண்டு பெரிய அட்டவணைகள் இருந்தன. ஒன்றில் வீடுகள், மற்றதில் ஆட்கள். பக்கம் திறக்கும்போது ஒரு வினவல் ஓடும். வீட்டின் உரிமையாளருக்கு எழுதப்பட்டிருக்கும் அடையாள அட்டை இலக்கத்தை எடுத்து, ஆட்கள் அட்டவணையில் அதே இலக்கம் உள்ளவரைத் தேடும். பொருந்தினால் இரண்டையும் இணைத்து ஒரு நிரையாகக் காட்டும். பொருந்தாவிட்டால் அந்த வீட்டையே விட்டுவிடும். பிழை என்று ஒரு சொல்கூடச் சொல்லாது. சத்தமில்லாமல் ஆளை விட்டுவிட்டுப் போகிற இந்தப் புத்தியைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. சிவப்பு எழுத்தில் திட்டினால்கூடப் பரவாயில்லை, எங்கே பார்க்க வேண்டும் என்றாவது தெரியும்.

நான் வழக்கமான காரணங்களைத் தேடினேன். அட்டை இலக்கத்தின் கடைசியில் வருகிற ஆங்கில எழுத்தைச் சிலர் பெரிதாகவும் சிலர் சிறிதாகவும் பதிந்திருந்தார்கள். சிலர் நடுவில் இடைவெளி விட்டிருந்தார்கள். ஒருவர் சைபருக்குப் பதிலாக ஓ எழுத்தை அடித்திருந்தார். அவற்றைத் திருத்தத் திருத்த, காணாமல் போயிருந்த வீடுகள் ஒவ்வொன்றாகப் பக்கத்துக்கு வந்தன. ஆட்கள் தொதல் கிண்டிக் கொண்டுவந்து தந்தார்கள், எனக்காகத் துஆ செய்வதாகச் சொன்னார்கள். சாச்சியின் வீடு மட்டும் அசையவில்லை.

கடைசியில் இணைப்பை ஒதுக்கி வைத்துவிட்டு, இரண்டு அட்டவணைகளையும் தனித்தனியாகத் திறந்து கண்ணால் பார்த்தேன். இதை நான் முதலிலேயே செய்திருக்கலாம். வீடுகள் அட்டவணையில் வளவு இருந்தது. உறுதியின் விபரம் இருந்தது. உரிமையாளர் என்ற இடத்தில் ராத்தாவின் பெயர் இருந்தது.

சாச்சியின் மூத்த மகளைத்தான் நான் ராத்தா என்பேன். என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள். அந்தப் பெயரை எழுத்தில் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பள்ளிக்கூடக் கொப்பியில் பார்த்திருக்கலாம், ஞாபகமில்லை. அவளுடைய அடையாள அட்டை இலக்கம் இருக்க வேண்டிய இடம் வெற்றாக இருந்தது.

ஆட்கள் அட்டவணைக்குப் போனேன். அங்கேயும் ராத்தா இருந்தாள். பிறந்த வருடம் இருந்தது. தாயின் பெயர் சாச்சியின் பெயர். அட்டை இலக்கம் வெற்று. ‘உயிருடன் உள்ளாரா’ என்ற இடத்தில் ‘ஆம்’.

இரண்டு பக்கமும் வெற்றாக இருந்தால் இரண்டும் பொருந்தத்தானே வேண்டும் என்று யாரும் நினைப்பார்கள். தரவுத்தளம் அப்படி நினைப்பதில்லை. வெற்று என்றால் அதற்குத் ‘தெரியாது’ என்று அர்த்தம். இங்கே ஒரு தெரியாதது, அங்கே ஒரு தெரியாதது. இரண்டு தெரியாதவையும் ஒன்றுதான் என்று அது எந்தக் காலத்திலும் ஒப்புக்கொள்ளாது. அதனால் ராத்தாவின் வீட்டை ராத்தாவோடு இணைக்க அதற்கு முடியவில்லை. தரவுத்தள மொழியான எஸ்.கியூ.எல். படித்த முதல் மாதமே இதைச் சொல்லித் தருவார்கள். நானும் சோதனையில் எழுதிப் புள்ளி வாங்கியிருக்கிறேன்.

ராத்தாவுக்கு அடையாள அட்டை கிடையாது. அட்டை எடுக்கிற வயதுக்கு அவள் வரவில்லை. வள்ளத்தில் ஏறும்போதே அவளுக்குக் காய்ச்சல். அரிசி மூட்டைக்கு மேலே யார் உட்காருவது என்று என்னோடு சண்டை பிடித்தாள், பிறகு அவளாகவே இறங்கிச் சாச்சியின் மடியில் படுத்துக்கொண்டாள். எனக்கு மூட்டை கிடைத்த சந்தோஷம். கரைக்கு வந்தபோது அவளை எழுப்ப முடியவில்லை. ஆண்கள் அவளைக் கரையோடு இருந்த தென்னங்காணிக்குள் கொண்டுபோய் அடக்கிவிட்டு வந்தார்கள். அங்கே தங்கவும் முடியாது, எல்லோரையும் லொறியில் ஏறச் சொன்னார்கள். சாச்சி மயங்கிக் கிடந்தார், அந்த இடத்தை அவர் பார்க்கவே இல்லை. இடம் தெரிந்த சாச்சாவும் போய்விட்டார். இப்போது அந்தக் கரையில் உல்லாச விடுதிகள், உயரமான வேலிகள். வெள்ளைக்காரர்கள் பட்டம் கட்டிக் கடலில் விளையாடுகிறார்கள். எந்த வேலிக்குள்ளே ராத்தா இருக்கிறாள் என்று எங்களில் எவருக்கும் தெரியாது.

உறுதி அவள் பெயரில் இருந்ததற்கும் காரணம் உண்டு. வீடு பெண்ணுக்கு என்பது எங்கள் வழக்கம். கலியாணம் வரைக்கும் பொறுப்பார்கள், சாச்சாவுக்குப் பொறுமை இருக்கவில்லை. அவருடைய அண்ணன் தம்பிமார் வளவில் கண் வைத்திருந்தார்கள். மூத்தது பெண் என்றதும் நொத்தாரிசிடம் போய் அவள் பெயருக்கு உறுதி எழுதிவிட்டு வந்தாராம். தொட்டிலில் கிடந்த பிள்ளைக்கு வளவு சொந்தமாயிற்று. அந்த உறுதியைச் சாச்சி இடுப்பில் கட்டிக்கொண்டு வந்ததுதான் வள்ளத்தில் வந்த ஒரே சொத்து.

அவள் உயிரோடு இருப்பதாக யார் பதிந்தது என்று கணக்கெடுப்புச் செய்த பிள்ளையிடம் கேட்டேன். அவளும் தில்லையடிக்காரி, எங்கள் கதை முழுக்கத் தெரிந்தவள்.

“உங்கட சாச்சி மூணு பொம்புளப் புள்ள எண்டு சொன்னா. அந்த முகத்தப் பாத்து, இல்ல ரெண்டு எண்டு நான் எப்படி எழுதுற? நீங்க எழுதுவீங்களா?” என்றாள்.

நானும் எழுதியிருக்க மாட்டேன். சாச்சி எங்கே போனாலும் மூன்று என்றுதான் சொல்வார். கலியாண வீட்டில் யாராவது புதிய ஆள் கேட்டாலும் மூன்று. ஆஸ்பத்திரியில் கேட்டாலும் மூன்று. எங்கள் ஆட்களில் ஒருவரும் அவரைத் திருத்தியதில்லை. பேச்சை மாற்றிவிடுவோம். அது எங்களுக்குள் பேசி வைக்காத ஓர் ஒழுங்கு, அதை மீறப் போகிறவர்களைப் பிள்ளைகள்கூட முறைத்துப் பார்ப்பார்கள்.

திருத்தம் சின்னது. அட்டை இலக்கத்தை நம்பாமல், ஆட்கள் அட்டவணை ஒவ்வொருவருக்கும் தானாகக் கொடுக்கிற தொடரிலக்கத்தை வீட்டுப் பதிவில் சேர்த்தேன். இணைப்பை அதற்கு மாற்றி எழுதினேன். பக்கத்தைத் திறந்தேன். சாச்சியின் வீடு வந்துவிட்டது. உரிமையாளர்: ராத்தாவின் பெயர். நிலை: விவாகமாகாதவர். பக்கத்தில் வயது. பிறந்த வருடத்திலிருந்து தளமே கணக்குப் பார்த்து வயதைப் போடும், அதனால் அது இத்தனை வருடமும் அவளை வளர்த்து வைத்திருந்தது. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவளாகவே இருந்தாள். நான் எழும்பிப் போய் முகத்தைக் கழுவிவிட்டு வந்தேன். அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

பணிப்பாளர் அந்த நிரையைப் பார்த்துவிட்டு, “உரிமையாளர வந்து கையொப்பம் வைக்கச் சொல்லுங்க மிஸ்” என்றார்.

நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. அந்த நிரையை இன்னொரு தடவை வாசித்தார். பிறகு, “அப்படியெண்டா மரணமானவர் எண்டு தாய் ஒரு சத்தியக் கடதாசி முடிச்சுத் தரணும். தளத்திலயும் மாத்தணும். உரித்து தாய்க்கு வரும், வீட்டுக்கு ஒரு பிரச்சினையும் வராது” என்றார்.

“அதை நீங்களே சொல்லுங்க சேர்.”

“நான் வெளி ஆள். நீங்கதானே சொந்தம்.”

சொந்தம் என்ற சொல்லை இப்படி வேலை வாங்கப் பயன்படுத்துகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம் வரும். ஆனாலும் போனேன். கல்வீடு இல்லாமல் இன்னும் ஒரு மாப்பிள்ளை எழும்பிப் போவதைப் பார்க்க என்னால் முடியாது.

சாச்சி முற்றத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். உள்ளே கடைசி மகளின் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் கதிரையில் உட்காராமல் அவருக்கு முன்னால் குந்தினேன்.

“சாச்சி, வீடு வந்திருக்கு.”

“அல்ஹம்துலில்லாஹ். நான் சொன்னேன்தானே, நல்லாத் தட்டிப் பாரு எண்டு.”

“ராத்தாட பேர்ல வந்திருக்கு. அவ மௌத்து எண்டு நீங்க எழுதிக் குடுக்கணுமாம்.”

கத்தி நின்றது. உள்ளே மெஷினும் நின்றது. சாச்சி என்னைப் பார்க்கவில்லை, மீனைப் பார்த்துக்கொண்டே கதைத்தார்.

“அவ மௌத்தானது எனக்குத் தெரியாதா? எனக்கென்ன விசரா? வள்ளத்துல என்ட மடியிலதான் மகள் இருந்தா. எல்லாம் தெரியும்.”

“தெரியும் சாச்சி.”

“கபுறு எங்க எண்டு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியா. ஒரு உடுப்பு இல்ல, ஒரு படம் இல்ல. ஆராவது கேக்கக்குள்ள மூணு எண்டு சொல்லுறேனே, அதுக்குள்ளதான் அவ இருக்கா. அதையும் எடுத்திட்டா அவ எங்க போவா?”

நான் எந்தப் பதிலைச் சொன்னாலும் அது அந்த வீட்டுக்காகச் சொல்கிற பதிலாக இருந்திருக்கும். கடைசி மகள் வாசலுக்கு வந்தாள். “எனக்கு வீடு வேணாம் உம்மா” என்றாள். சாச்சி அவளை நிமிர்ந்து பார்த்தார். அவளுடைய தலையில் முன்பக்கம் நரை விழத் தொடங்கியிருந்தது, அதைச் சாச்சி அன்றைக்குத்தான் கண்டாரோ என்னவோ. மீன் சட்டியை மூடி வைத்தார். கையைக் கழுவினார்.

“எங்க கையெழுத்து வைக்கணும் எண்டு சொல்லு” என்றார்.

சமாதான நீதவானிடம் முடித்த சத்தியக் கடதாசியோடு மறுநாள் காலையிலேயே அலுவலகத்துக்கு வந்துவிட்டார். அன்று அஸர் தொழுகை நேரத்துக்கு முன் ‘தகுதியானோர்’ பக்கத்தைக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். கீழே கடையில் இருங்கள், முடித்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று சொன்னேன். அவர் கேட்கவில்லை. எனக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“நான் பாக்கணும். என்ன செய்யிற எண்டு நான் பாக்கணும்.”

ராத்தாவின் பதிவைத் திறந்தேன். ‘உயிருடன் உள்ளாரா’ என்ற இடத்தில் ‘ஆம்’ என்பதை ‘இல்லை’ ஆக்கினேன். சேமித்தேன். பிறகு பக்கத்தைத் திறந்து வீட்டைக் காட்டப் போனேன். மேலிருந்து கீழே வந்தேன். கீழிருந்து மேலே போனேன். வீடு இல்லை.

சாச்சிக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியும். அவரும் என்னோடு சேர்ந்து தேடினார். தேடி முடித்த பிறகு, சத்தமே இல்லாமல், “புள்ளட உசிரையும் எடுத்து, வீட்டையும் எடுத்திட்டியா?” என்று கேட்டார்.

என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. “இருங்க சாச்சி, இருங்க” என்று மட்டும் சொன்னேன். எழுத்துகளைப் பிழை பிழையாக அடித்தேன். ஆள் பொருந்தாவிட்டாலும் வீட்டை விடாதே என்று இணைப்பை மாற்றினேன். கணினிக்காரர் இதை லெப்ட் ஜொயின் என்பார்கள். இடப்பக்கத்தில் உள்ளது என்ன ஆனாலும் நிற்கும், வலப்பக்கம் வந்தால் வரட்டும். ஓட்டினேன். வீடு வரவில்லை. பணிப்பாளர் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். போங்கள் என்று கையைக் காட்டினேன், மரியாதை கெட்ட மாதிரித்தான் காட்டினேன்.

வினவலின் கடைசி வரிக்குப் போனபோதுதான் கண்ணில் பட்டது. உரிமையாளர் உயிருடன் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைக் கொழும்புக்காரர் வாலில் கட்டியிருந்தார். இணைப்பு எவ்வளவு தாராளமாக இருந்தாலும், எல்லாம் சேர்ந்து வந்த பிறகு அந்த வால் வரி ஒவ்வொரு நிரையையும் பிடித்து, உயிரோடு ஆள் உண்டா என்று கேட்கும். இல்லையென்றால் வீட்டோடு சேர்த்து வெளியே தள்ளும். உயிரோடு உள்ளவனுக்குத்தான் வீடு இருக்கும் என்று ஒருவர் மிகச் சாதாரணமாக நினைத்து எழுதிய வரி. எங்கள் ஊர் உறுதிகளில் பாதி கபுறில் இருப்பவர்களின் பெயரில் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? அந்த நிபந்தனையை வாலிலிருந்து அறுத்து, ஆளைத் தேடுகிற இணைப்பு வரிக்குள் கொண்டுபோய் வைத்தேன். ஓட்டினேன்.

வீடு வந்தது. வளவு இருந்தது, உறுதியின் விபரம் இருந்தது. உரித்தாளர் என்ற இடத்தில் சாச்சியின் பெயரைச் சேர்த்தேன். உரிமையாளரின் பெயரைப் பக்கம் ஆட்கள் அட்டவணையிலிருந்துதான் எடுக்கும், அதனால் அந்த இடம் வெள்ளையாக இருந்தது. வயதும் இல்லை.

“இந்த வெள்ள இடம் என்ன மகள்?”

“சொந்தக்காரர்ட பேர் வாற இடம் சாச்சி.”

“அதுல அவட பேர் நிக்க ஏலாதா? சும்மா நிக்கட்டுமே.”

நிற்க வைக்க முடியும். எனக்கு இரண்டு நிமிட வேலை. ஆனால் பெயர் நின்றால் கொழும்பில் எவராவது அந்தப் பெயருக்குக் கையொப்பம் கேட்பார், எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். “ஏலாது சாச்சி” என்றேன். அவர் குடையை எடுத்துக்கொண்டு படி இறங்கினார். அதற்குப் பிறகு அவர் அந்தப் படி ஏறவில்லை. வீட்டுக்குப் போனால் தேத்தண்ணி தருவார், சாப்பிட்டியா என்று கேட்பார், முகம் மட்டும் வேறெங்கோ இருக்கும்.

வீடு கட்டி முடிந்தது. சாவி கொடுக்கிற அன்று வான் வண்டியில் என்னையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். மன்னாரில் காற்று மணலை வாரி அடித்துக்கொண்டிருந்தது. சீமெந்து வாசம் போகாத இரண்டு அறைகள், மேலே சிவப்பு ஓடு, ஒழுகாத கூரை. கடைசி மகள் ஒவ்வொரு ஜன்னலையும் திறந்து திறந்து மூடினாள். அவளுடைய சிரிப்பைப் பார்த்தபோது எனக்கும் மனம் இளகியது. எல்லாம் இதற்காகத்தானே என்று எண்ணிக்கொண்டேன்.

கொழும்பிலிருந்து வந்திருந்த ஓர் உத்தியோகத்தர் மேசை போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு குடும்பத்தையும் கூப்பிட்டு விபரம் சரிபார்த்தார். சாச்சியின் முறை வந்தது. பெயர் கேட்டார், சொன்னார். முகவரி கேட்டார், சொன்னார்.

“பிள்ளைகள் எத்தனை பேர் உம்மா?”

சுற்றி நின்ற எங்கள் ஆட்கள் வழக்கம் போலப் பேச்சை மாற்றத் தயாரானார்கள். சாச்சி திரும்பி, கூட்டத்துக்குள் என்னைத் தேடிப் பிடித்து, கையை நீட்டினார்.

“அவக்கிட்டக் கேளுங்க. அவதான் எழுதினவ.”

உத்தியோகத்தர் பேனையோடு என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“ரெண்டு” என்றேன்.